காமன்கூத்து வாத்தியார்மார் இருக்கும்போதே ஃபெலோஷிப் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பரம்பரை அறிவப் பத்தி ஆராய்ச்சி செய்யுற இளம் ஆளுங்களுக்கு ஃபெலோஷிப், அதாவது ஆராய்ச்சி உதவித்தொகை, குடுக்கணும்னு பேசுறாங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா அந்தப் பேச்சுல எங்க இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களையும் சேருங்க.

மாசி மாசம் அமாவாச கழிஞ்சு மூணாம் பிறையில எங்க தோட்டங்கள்ல காமன்கூத்துக்கு கம்பம் ஊண்டுவாங்க, அப்புறம் ரதி மதன் கதை ராத்திரி ராத்திரியா ஓடும், எந்த எடத்துல எந்தப் பாட்டு, தப்பு மேளத்தோட அடி எப்ப மாறணும், அதெல்லாம் கூத்து சொல்லிக்குடுக்குற வாத்தியாரு மனசுலதான் இருக்கு, அவரு போயிட்டா அதோட போச்சு. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அந்தக் காலத்துலயே தோட்டத்துப் பாட்டுகள சேர்த்து வச்சதாலதான் இன்னைக்கு நம்ம கையில கொஞ்சமாவது மிஞ்சியிருக்கு. அட்டக்கடிக்கு, பிள்ளைத்தாச்சிக்கு என்ன பச்சில குடுக்குறதுன்னு தெரிஞ்ச பாட்டிமார்கிட்ட யாரு போய் கேட்டாங்க?

உயிரினங்களக் காப்பாத்த நாடுகள் சேர்ந்து 1992ல செஞ்ச ஒப்பந்தமான உயிர்ப்பல்வகைமை சமவாயத்தோட 8ஆம் உறுப்புரை உள்ளூர் சமூகங்களோட பாரம்பரிய அறிவ மதிச்சு காப்பாத்தணும்னு சொல்லுது, இலங்கையும் அதுல சேர்ந்த நாடுதான்.

எங்க புள்ளைங்களுக்கு ஆர்வம் இல்லாம இல்ல, கெம்பஸ் முடிச்ச கையோட கொழும்புக்கு வேலைக்கு ஓட வேண்டிய நெலம, தோட்டத்து லயத்து வீட்டுல அம்மாவும் அப்பாவும் இவங்க சம்பளத்த எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்க. அதனால மாசா மாசம் குடும்பத்துக்கும் தாங்குற மாதிரி காசு குடுக்கணும், ஒரு மாசி போய் அடுத்த மாசி வர்ற வரைக்குமாவது குடுக்கணும். சொல்லிக்குடுக்குற பெரியவங்களுக்கும் அதுல ஒரு பங்கு போகணும், அவங்க சம்மதம் இல்லாம எதையும் ரெக்கோட் பண்ணக்கூடாது, எடுத்ததுல ஒரு கொப்பி அந்தத் தோட்டத்து ஸ்கூல்லயே இருக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஹட்டன்