நன்றி மடல்: எங்கள் அம்மாவுக்காக வந்து நின்ற எல்லாருக்கும்

ஊர் மக்களுக்கும், இடையன்குடி சபை மக்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும் எங்கள் ஸ்தோத்திரம்.

கடந்த மாசி மாதம் எங்கள் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 91. அடக்கம் முடிந்து இன்றோடு நாற்பது நாள் ஆகிறது. இந்த நாற்பது நாளில் எங்கள் வாசலில் யாராவது ஒருவர் வந்து நிற்காத பொழுது இல்லை. ஒவ்வொரு வீடாக ஏறி நன்றி சொல்லத்தான் ஆசைப்பட்டோம். தம்பிக்கு லீவு முடிந்து மும்பைக்குப் போய்விட்டான். தங்கை சாயர்புரத்துக்குத் திரும்பிவிட்டாள். அதனால் எல்லாருக்கும் மூத்தவளான நான் மூன்று பேருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எழுத உட்கார்ந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. இந்த நாற்பது நாளுக்கு மட்டும் நன்றி சொன்னால் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் கணக்கு ரொம்பப் பழையது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1971, ஆனி மாதம். பதனீர் காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அப்பா காலையும் மாலையும் முப்பது, நாற்பது பனை ஏறுவார். முந்தின ராத்திரி பெய்த தூறலில் மரம் வழுக்கியிருந்தது. விழுந்த இடத்திலிருந்து கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு திசையன்விளை ரோடு வரைக்கும் தேரிச் செம்மணலில் ஓடினார்கள் ஊர் ஆட்கள். முதுகெலும்பில் அடி. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, இனி இடுப்புக்குக் கீழே அசையாது, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. தம்பிக்கு ஐந்து.

அந்த வருடம் பதனீர் காய்ச்சும் எங்கள் விடிலியில் அடுப்பு அணையவில்லை. அணைய விடவில்லை என்று சொல்ல வேண்டும். ஊரில் பனையேறும் ஐந்து பேர் தங்கள் மரங்களை ஏறி முடித்துவிட்டு, அப்பாவின் மரங்களையும் முறை போட்டு ஏறினார்கள். சுண்ணாம்பு தடவின கலயத்தைக் கட்டி, பாளை சீவி, பதனீரை இறக்கி அம்மாவிடம் கொண்டு வந்து ஊற்றிவிட்டுப் பேசாமல் போவார்கள். அம்மா காய்ச்சுவார். உடைமுள்ளும் காய்ந்த ஓலையும் வைத்து எரித்து, பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்கி, கூப்பனி என்கிற பாகுப் பதம் தாண்டி, சிரட்டையில் ஊற்றுகிறவரைக்கும் அடுப்படியை விட்டு எழுந்திருக்க மாட்டார். விற்ற கருப்பட்டியில் பங்கு கொடுக்கப் போனபோது ஐந்து பேரில் ஒருவர்கூட வாங்கவில்லை. மறு வருடமும் ஏறினார்கள்.

ஆயுசு முழுக்க அம்மாவின் ராத்திரி ஜெபத்தில் பிள்ளைகளான எங்கள் பெயருக்கு முன்னால் அந்த ஐந்து பெயர்தான் வரும். சின்ன வயதில் எனக்கு அது கோபமாகக்கூட இருக்கும். கடைசி வருடம் ஞாபகம் தப்பி, என்னையே சில நாள் யாரென்று கேட்டார். அந்த ஐந்து பெயரும் வரிசை மாறாமல் வந்தன. ஐந்து பேருமே இப்போது இல்லை. அவர்கள் பேரன்களில் மூன்று பேர் அன்றைக்கு அம்மாவின் பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். நாங்கள் யாரையும் கேட்கவில்லை, அவர்களாகவே வந்து நின்றார்கள். தம்பிகளே, உங்கள் தாத்தாமாருக்கு ஒழுங்காக ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று ஐம்பது வருடமாக எங்கள் வீட்டில் ஒரு ஆள் நினைத்துக்கொண்டே இருந்தார். அதை உங்களிடம் சொல்கிறேன்.

அப்பா அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் கட்டிலில் இருந்தார். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவர் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மா புரட்டிப் படுக்க வைப்பார், ராத்திரியும்தான். சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்குச் சவரம் பண்ணிவிட்டு, வெள்ளைச் சட்டை எடுத்து மடித்துத் தலைமாட்டில் வைப்பார். கோவிலுக்குப் போக முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அப்பா படுத்திருப்பார். அம்மா ஆராதனை முடிந்து வந்ததும் முக்காட்டைக்கூட எடுக்காமல் கட்டிலருகே உட்கார்ந்து பிரசங்கத்தை முதலிலிருந்து சொல்வார். எந்த வசனம், சபைப் போதகரான ஐயர் அதற்கு என்ன சொன்னார், யாரைச் சுட்டிச் சொன்ன மாதிரி இருந்தது, எல்லாம். அப்பா நடுவில் கேள்வி கேட்பார். தெரியாவிட்டால் அம்மா, "அடுத்த வாரம் ஐயர்கிட்ட கேட்டுட்டு வாரேன்" என்பார், கேட்டும் வருவார். சில சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தில் அந்நாளில் இருந்த ஐயர் ஒருவர் கோவில் வாசலில் அம்மாவைப் பார்த்ததும், "அவருக்குச் சொல்ற மாதிரி இன்னைக்குப் பேசினேனா அம்மா?" என்று விசாரிப்பாராம். மாதத்தில் ஒரு ஞாயிறு நற்கருணையை எடுத்துக்கொண்டு அவரே எங்கள் வீட்டுக்கு நடந்து வருவார். அப்போது ரோடு கிடையாது, மணல்தான். அவருக்கும், அவருக்குப் பின்னால் வந்து அதை விடாமல் செய்த ஐயர்மார் எல்லாருக்கும், ஐயரம்மாமாருக்கும் எங்கள் நன்றி.

அம்மாவுக்குக் கோவில் என்றால் அது இடையன்குடிக் கோவில் ஒன்றுதான். 1947ல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது அம்மாவுக்குப் பதின்மூன்று வயது. ஆனாலும் கடைசி வரைக்கும் "நாங்க எஸ்.பி.ஜி.காரங்க" என்று, எங்கள் சபையை முன்னால் நடத்திய இங்கிலாந்து மிஷன் சங்கத்தின் பெயரைத்தான் சொல்வார். அந்தச் சங்கத்து மிஷனரியான கால்டுவெல் ஐயர் அந்தக் கோவிலை 1847ல் தொடங்கி 1880ல்தான் பிரதிஷ்டை பண்ண முடிந்தது. அம்மாவின் பூட்டி அதற்கு மண் சுமந்த கதை எங்கள் வீட்டில் பெரிய கதை. அப்பா விழுந்த பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ் கட்ட முடியாமல் நான் அழுதுகொண்டு நின்றபோது, அம்மா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "ஏ பிள்ள, கோவில் எழும்பவே முப்பத்தி மூணு வருசம் ஆச்சு. நம்ம வீடு நிமிர ஒரு பத்து வருசம் ஆகட்டுமே." சொன்னபடி பத்து வருடத்தில் நான் டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்குப் போய்விட்டேன்.

அந்தப் பத்து வருடமும் அம்மாவின் கைதான் எங்களுக்குச் சோறு. பகலில் ஓலைப்பெட்டி முடைவார். ராத்திரியில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு லேஸ் பின்னுவார். கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மாள் ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்த வேலை அது. அம்மாவுக்கு அவர் பாட்டியிடமிருந்து வந்தது. உருண்டைத் தலையணை ஒன்றை மடியில் வைத்து, குண்டூசி குத்தி, நூல் சுற்றின மரக்குச்சிகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிப் போடுவார். அந்தக் குச்சிகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தத்தில்தான் நாங்கள் தூங்கினோம். அப்பா புரளக் கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார். வந்து விட்ட இடத்திலிருந்து பின்னுவார். அந்த லேஸையெல்லாம் பேரம் பேசாமல் வாங்கி நாகர்கோவிலுக்குக் கொண்டு போய் விற்றுக் கொடுத்த அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. இதைப் படிக்கிற யாராவது அவர் வீட்டாரை அறிந்திருந்தால் எங்கள் நன்றியைச் சேர்த்துவிடுங்கள்.

அம்மாவின் கைப்பிடி அரிசியை ஊரில் எல்லாரும் அறிவீர்கள். உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி எடுத்துக் கோவிலுக்கென்று பானையில் போடுவது நம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். எங்கள் வீட்டில் அது கடன் வாங்கின அரிசியிலும் நடந்தது. ஒரு தடவை நான் சண்டை போட்டேன். பக்கத்து வீட்டில் வாங்கின அரைப்படியிலும் ஏன் எடுக்கிறாய் என்று கேட்டேன். "வாங்கினது நம்ம. கொடுத்தவ அவ. அவ பேர்ல ஒரு பிடி போகட்டும்" என்றார். எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. அடக்கத்துக்கு மறுநாள் அடுக்களையை ஒதுங்க வைக்கும்போது அந்தப் பானையைத் திறந்து பார்த்தேன். கால்படிகூட இல்லை. படுக்கையில் விழுந்த பிறகும் மருமகளைக் கூப்பிட்டு அரிசியைப் படுக்கைக்குக் கொண்டு வரச் சொல்லித் தன் கையாலேயே ஒரு பிடி எடுப்பாராம். கை நடுங்கி, பிடியில் பாதிதான் நிற்குமாம். அந்த அரிசியை அடுத்த ஞாயிறு நானும் தங்கையும் கொண்டு போய்க் கோவிலில் வைத்தோம்.

சரி, இனி இந்த நாட்களுக்கு வருகிறேன்.

கடைசி எட்டு மாதம் அம்மா படுக்கையில் இருந்தார். ஒன்றுவிட்ட ஒரு நாள் வந்து உடம்பு துடைத்து, பவுடர் போட்டு, புரட்டிப் படுக்க வைத்துவிட்டுப் போன நர்ஸ் தங்கச்சிக்கு என்ன சொல்வது? அம்மா அப்பாவுக்குச் செய்ததை நீங்கள் அம்மாவுக்குச் செய்தீர்கள். அம்மா முதுகிலும் ஒரு புண் வரவில்லை. தம்பி மனைவி மும்பையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு வந்து இருந்தாள். அவளுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆனாலும் ஊர் அறிய எழுதி வைக்க வேண்டும் என்று எழுதுகிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அம்மாவுக்குக் கீர்த்தனை பாடினீர்கள். பேச்சு நின்ற பிறகும் பாட்டுக்கு உதடு அசைந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

துக்க மணி அடித்து அரை மணி நேரத்தில் முற்றம் நிறைந்துவிட்டது. தம்பி வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டதால் ஐஸ் பெட்டி வைத்திருந்தோம். ராத்திரி பதினொரு மணிக்குக் கரண்டு போனது. பந்தல் போட்ட தம்பி ஒரு வார்த்தை பேசாமல் திசையன்விளைக்குப் போய் ஜெனரேட்டரைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, விடிய விடியப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாடகை கேட்டதற்கு, "ஆச்சி எனக்கு ஓய்வுநாள் பள்ளியில சொல்லிக் கொடுத்தவங்க" என்று சொல்லிவிட்டார்.

குழி வெட்டின பையன்களை நான் மறக்க மாட்டேன். நம் மண் தேரி மண், வெட்ட வெட்டச் சரியும். நீங்கள் காலையிலேயே குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி மண்ணை இறுக வைத்து, அப்புறம் பலகை கொடுத்து வெட்டியிருக்கிறீர்கள். அப்பா பக்கத்திலேயே இடம் கிடைத்தது. அடக்க ஆராதனை நடத்திய ஐயரும், பக்கத்துச் சேகரங்களிலிருந்து வந்த ஐயர்மாரும், பாடகர் குழுவும், மூன்று நாளும் மணி அடித்த கோவில் பணியாளரான கோவில்குட்டியாரும் எங்கள் அன்பான வணக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஐயர் பிரசங்கத்தில் அம்மாவை ரொம்பப் புகழாமல் அவர் செய்ததை மட்டும் சொன்னார். அம்மாவுக்கு அதுதான் பிடித்திருக்கும்.

உவரியிலிருந்து கத்தோலிக்கச் சகோதரிகள் வந்திருந்தீர்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் மீன் கூடையோடு வந்து எங்கள் திண்ணையில் இளைப்பாறி மோர் குடித்தவர்களின் பிள்ளைகள் நீங்கள். எங்கள் தெருவில் சாமி கும்பிடுகிற குடும்பங்கள் மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய விடாமல் காலைக்கு இட்லியும் மத்தியானத்துக்குச் சோறும் கொண்டு வந்தீர்கள். பஜாரில் கடை வைத்திருக்கும் பாய், அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு வந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்தீர்கள். போனில் கூப்பிட்டு அழுத மும்பைச் சொந்தங்களுக்கும், கோவிலின் பெரிய அசன விருந்தில் அம்மா கையால் பரிமாறிச் சாப்பிட்டதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தவர்களுக்கும் நன்றி. யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவாக இருந்தால் விட்டிருக்க மாட்டார்.

கடைசியாக ஒன்று. துக்க நாட்களில் சாப்பாடு வந்த பாத்திரங்களில் நான்கு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. இரண்டு எவர்சில்வர் தூக்கு, மூடியில் பெயர் அழிந்துபோன ஒரு டிபன் கேரியர், மூலையில் நெளிந்த ஒரு பெரிய சம்படம். யாருடையது என்று கேட்டுப் பார்த்தோம், தெரியவில்லை. அம்மா இருந்தவரை இந்த வீட்டிலிருந்து ஒருத்தர் பாத்திரமும் வெறுமையாகத் திரும்பிப் போனதில்லை. நான்கிலும் இந்த வருடத்து முதல் கருப்பட்டி போட்டு, அடுக்களை ஜன்னலோரம் வைத்திருக்கிறோம். சாயங்காலம் எப்போது வந்தாலும் நான் வீட்டில்தான் இருப்பேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அம்மாவின் பிள்ளைகள் மூவருக்காகவும்,
மூத்த மகள்