தென்னாப்பிரிக்காவுக்கு வருமுன் படிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்கச் சுற்றுலா பற்றித் தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். விசா, தடுப்பூசி, குளிருக்கான உடை, ரேண்ட் மாற்றும் முறை என எல்லாவற்றுக்கும் குறிப்புத் தந்த கட்டுரையாளர், புறப்படுமுன் எதைப் படிக்கலாம் என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. டர்பனில் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையிலும், தமிழகத்திலிருந்து வருவோருக்கு ஊர் சுற்றிக் காட்டுவதே விடுமுறை வேலையாகிவிட்டவன் என்ற முறையிலும் அக்குறையைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

வருவோரில் பெரும்பாலோர் முதலில் வனவிலங்குகளைப் பார்க்கிறார்கள். அதன்பின் எங்களைப் பார்க்கிறார்கள். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலுள்ள அம்பலவாணர் ஆலயம், காந்தியடிகள் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையம், அவர் 1904-இல் நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பு ஆகியவற்றோடு பயணம் முடிந்துவிடுகிறது. நம்மவர் வந்து எங்கள் கோயில்களில் கும்பிடுவதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆயினும் இந்நாட்டு மக்களில் இந்திய வம்சாவளியினர் நூற்றுக்கு மூவரினும் குறைவு. மற்றவர்களின் வாழ்வைச் சிறிதேனும் அறிய, சில நாள் தங்கிப் போகும் பயணிக்குப் புத்தகத்தைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. அப்புத்தகமும், வந்து பார்த்துச் சென்றவர் எழுதிய பயண நூலாக அல்லாமல், இங்கேயே இருந்து பட்டவர் எழுதியதாக இருப்பது நல்லது.

காந்தியடிகள் 1923-இல் எரவாடா சிறையில் எழுதத் தொடங்கிய தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாறு தமிழிலும் கிடைப்பதால் அதிலிருந்து தொடங்கலாம். ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தக் காலம் முடிந்தும் இங்கே தங்கிய இந்தியர் மீது சுமத்தப்பட்ட மூன்று பவுன் வரி, அதனை எதிர்த்து 1913-இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையை விட்டு டிரான்ஸ்வால் எல்லை நோக்கி நடந்த நடை, சிறையில் கண்ட காய்ச்சலால் 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் மாண்ட தில்லையாடி வள்ளியம்மை ஆகிய செய்திகள் அதில் உள்ளன. ஆனால் அந்நூலோடு நின்றுவிடுபவர் மனத்தில் 1913 என்பது நம் போராட்டத்தின் ஆண்டாக மட்டுமே தங்கும்.

அதே ஆண்டு ஜூன் மாதம் நிறைவேறிய நிலச்சட்டம், நாட்டின் பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கர்களை ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு நிலத்துக்குள் அடைத்து, அதற்கு வெளியே அவர்கள் நிலம் வாங்குவதையும் குத்தகைக்கு எடுப்பதையும் தடுத்தது. பண்ணைகளிலிருந்து துரத்தப்பட்டு, ஆடுமாடுகளோடு போக்கிடம் தேடி அலைந்த குடும்பங்களை மிதிவண்டியில் சென்று சந்தித்த கறுப்பின இதழாளர் சால் பிளாட்ஜே, தாம் கண்டவற்றை 'நேட்டிவ் லைஃப் இன் சவுத் ஆப்பிரிக்கா' என்ற நூலாக 1916-இல் வெளியிட்டார். வழியில் இறந்த குழந்தையைப் புதைக்க ஓர் அடி நிலமும் இல்லாமல், இரவோடு இரவாகப் பிறர் நிலத்தில் புதைத்துவிட்டு மேலே சென்ற ஒரு குடும்பத்தைப் பற்றிய பக்கங்களைப் படித்தபின், நெடுஞ்சாலையின் இருபுறமும் வேலிக்குள் விரியும் பண்ணைகளை வெறும் இயற்கை அழகாகப் பார்க்க இயலாது. இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள் என்று வருவோரிடமெல்லாம் நான் வற்புறுத்துவதுண்டு.

பிளாட்ஜே, இன்றைய ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசாக வளர்ந்த அமைப்பின் முதல் செயலாளர். அதன் முதல் தலைவர் ஜான் தூபே. தூபே நிறுவிய ஓஹ்லாங்கே பள்ளி, பீனிக்ஸ் குடியிருப்பு இருக்கும் அதே இனாண்டா பகுதியில்தான் இருக்கிறது. நெல்சன் மண்டேலா 1994 ஏப்ரல் 27 அன்று தம் முதல் வாக்கை அளித்ததும் அங்கேயே. பீனிக்ஸ் வரை வந்துவிட்டு அப்பள்ளியைப் பாராமலே வண்டியைத் திருப்பச் சொல்பவர்களை என்னென்பது?

நம் முன்னோர் கதை வேண்டுவோருக்கு அஷ்வின் தேசாயும் கூலம் வாஹெத்தும் இணைந்து எழுதிய 'இன்சைட் இந்தியன் இன்டென்ச்சர்' இருக்கிறது. 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்தது முதல் 1911 வரை இங்கு இறங்கிய ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேரை வெறும் எண்களாக விடாமல், பெயரும் ஊரும் வழக்கும் தற்கொலையும் காதலும் உள்ள மனிதர்களாக அது காட்டுகிறது. அதற்கும் மேலாக நான் விரும்புவது எழுத்தாளர் ரோனி கோவெண்டரின் கேட்டோ மேனர் கதைகளை. 1996-இல் நூலான அக்கதைகளில், கோயிலும் காய்கறித் தோட்டமும் மதுக்கடையும் வம்புப் பேச்சுமாக இருந்த ஒரு குடியிருப்பு, இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தால் எப்படிக் கலைக்கப்பட்டது என்பதைக் காணலாம். இந்தியர்கள் சாட்ஸ்வொர்த்துக்கும் ஆப்பிரிக்கர்கள் குவாமாஷுவுக்கும் பெயர்க்கப்பட்டார்கள். தீமிதியன்று அம்பலவாணர் ஆலயத்தில் கூடும் பக்தர்களில் பலர் ஏன் வெகுதொலைவிலிருந்து வருகிறார்கள் என்று கேட்கும் விருந்தினருக்கு இதுவே விடை.

டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே 1949 ஜனவரியில் நிகழ்ந்த கலவரம் கேட்டோ மேனரையும் உலுக்கியது. அரசுக் கணக்கின்படி மாண்ட 142 பேரில் 87 பேர் ஆப்பிரிக்கர். 50 பேர் இந்தியர். வீட்டுப் பேச்சில் நாங்கள் இந்தியரின் இழப்பை மட்டுமே நினைவுகூர்கிறோம் என்பதை வருத்தத்தோடு சொல்லியாக வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியர் மிகுந்த பீனிக்ஸ் பகுதியில் ஆப்பிரிக்கர் பலர் கொல்லப்பட்டதைப் பற்றியும் ஒரு தரப்புக் கதையையே வருவோர் எங்கள் வீடுகளில் கேட்கிறார்கள். எங்கள் விருந்தோம்பலை ஏற்பவர்கள், எங்கள் கருத்துகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை.

மண்டேலாவின் தன்வரலாற்றை நான் சொல்லாமலே படிப்பார்கள். வெள்ளையின எழுத்தாளர் ஆலன் பேட்டனின் 1948-ஆம் ஆண்டு நாவலான 'க்ரை, தி பிலவ்ட் கன்ட்ரி' இன்றும் நெஞ்சைத் தொடும்; ஆனால் அதில் வரும் கறுப்பின மக்கள் அளவுக்கு மீறிப் பொறுமைசாலிகள் என்பது என் எண்ணம். டர்பனில் பிறந்த கவிஞர் மசிசி குனேனே ஜூலு மொழியில் எழுதி, தாமே ஆங்கிலத்தில் பெயர்த்து 1979-இல் வெளியிட்ட, ஜூலு மன்னன் ஷாக்காவைப் பற்றிய காவியமோ தமிழருக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கும். மன்னனைப் புகழ்ந்தபடியே அவன் குற்றத்தையும் எடுத்துரைக்கும் ஜூலுப் புலவரின் குரல், புறநானூறு படித்த செவிக்கு அந்நியமாகத் தோன்றாது.

இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பது ஒரு குறைதான். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லை என்பதால் எங்கள் எழுத்தாளர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. தமிழகப் பதிப்பாளர் எவரேனும் பிளாட்ஜேயையும் கோவெண்டரையும் நல்ல மொழிபெயர்ப்பில் பரவலாகக் கிடைக்கச் செய்தால் பெரும் உதவியாக இருக்கும். அதுவரை, தங்கள் பயணப் பகுதியில் எந்த நாட்டைப் பற்றிக் கட்டுரை வந்தாலும், விடுதிக் கட்டண விவரத்துக்கு அருகில் அந்நாட்டவர் எழுதிய இரண்டு மூன்று நூல்களின் பெயரையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா