செயலாளரின் ஆண்டறிக்கை: தர மேலாண்மை மாநாடும் பயிற்சிப் பணிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் இந்த ஆண்டுப் பணிகளைப் பேரவையின் முன் வைக்கிறேன். ஆண்டின் பெரும்பகுதி உழைப்பு மாநாட்டுக்கும் அதையொட்டிய பயிற்சிகளுக்கும் போனதால், அறிக்கையும் அவற்றைப் பற்றியே அதிகம் பேசும். வரவு செலவைப் பொருளாளர் தனியாகத் தாக்கல் செய்கிறார்.

மாநாடு

மாநாட்டுக்குக் கட்டுரை அழைப்பு விடுவதற்கு முன்பே செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. தரத் துறை மேலாளர்கள் வந்து ஸ்லைடு காட்டுகிறார்கள். அந்த ஸ்லைடில் சொல்லப்படும் வேலையை அன்றாடம் செய்கிறவர் அதே நேரத்தில் ஷிஃப்டில் நின்றுகொண்டிருக்கிறார். இந்த நிலை மாற வேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் வலியுறுத்தினார்கள். அதனால் இந்த ஆண்டு இரண்டு நிபந்தனைகள் வைத்தோம். ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் சேர்ந்து வழங்க வேண்டும். அவர்களில் ஒருவர் ஆபரேட்டராகவோ சூப்பர்வைசராகவோ செவிலியராகவோ குமாஸ்தாவாகவோ, அந்த வேலையைக் கையால் செய்கிறவராக இருக்க வேண்டும். இரண்டாவது, மாற்றம் செய்து ஆறு மாதமாவது ஆன பிறகு எடுத்த தரவைக் காட்ட வேண்டும். நிபந்தனையைப் பார்த்துச் சிலர் பின்வாங்கினார்கள். வந்த கட்டுரைகளின் தரம் அந்த இழப்பை ஈடுகட்டியது என்பது என் உறுதியான கருத்து.

தொடக்க உரை, ஒரு வேலையின் அளவீடுகளை வரிசையாகப் புள்ளியிட்டு இயல்பான ஏற்ற இறக்கத்தின் எல்லைகளோடு ஒப்பிடும் வரைபடமான கன்ட்ரோல் சார்ட்டின் நூற்றாண்டை ஒட்டி அமைந்தது. 1924 மே 16 அன்று அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் வால்டர் ஷூஹார்ட் தன் மேலதிகாரிக்கு எழுதிய சிறு குறிப்பில்தான் அந்த வரைபடம் முதன்முதலில் இடம்பெற்றது. ஒரு செயல்முறையில் எப்போதும் இருக்கும் ஏற்ற இறக்கம் எது, புதிதாக ஏதோ நேர்ந்ததால் வந்த மாற்றம் எது என்று பிரித்தறியும் வழியை அது காட்டியது. அமெரிக்கத் தர மேலாண்மை அறிஞர் டெமிங் 1950-ல் ஜப்பானுக்குக் கொண்டுபோன பாடத்தின் நடுநாயகமும் இதுதான். உரையாளர் வரலாற்றோடு நிற்காமல் அவையைப் பார்த்துக் கேட்டார்: உங்கள் பிரிவில் தொங்கும் சார்ட்டில் ஒரு புள்ளி எல்லைக்கு வெளியே போனால் அடுத்த பத்து நிமிடத்தில் யார், என்ன செய்வார்கள்? பதில் சொல்லக் கைதூக்கியவர்கள் மிகக் குறைவு. சார்ட் இருக்கிறது, ஆடிட்டர் பார்க்கிறார், புள்ளி வைக்கிறார்கள். அதைப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

அடுத்து டெமிங் தன் கருத்தரங்குகளில் நடத்திக்காட்டிய சிவப்பு மணிச் சோதனையை மேடையில் செய்தோம். பெட்டி நிறைய வெள்ளை மணிகள், அவற்றுள் ஐந்தில் ஒன்று சிவப்பு. ஐம்பது குழிகள் கொண்ட தட்டைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை மட்டுமே வர வேண்டும், சிவப்பு வந்தால் ரிஜெக்‌ஷன். அவையிலிருந்து ஆறு பேர் தொழிலாளர்களாக வந்தார்கள். ஃபோர்மேன் வேடத்தை ஏற்ற நம் மூத்த உறுப்பினர், தட்டைச் சாய்க்கும் கோணத்தைக்கூட விடாமல் கற்றுக்கொடுத்தார். முதல் சுற்றில் ஆறு சிவப்போடு வந்த இளைஞருக்குக் கைதட்டலும் பாராட்டும் கிடைத்தன. அடுத்த சுற்றில் அவர் தட்டில் பதின்மூன்று. ஃபோர்மேன் முகம் மாறியது; "நேற்று பாராட்டினோம், அதில் மெத்தனம் வந்துவிட்டதா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அந்த இளைஞர் உண்மையிலேயே தலைகுனிந்து நின்றதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மூன்றாம் சுற்றில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டை மெல்ல, மிக மெல்லச் சாய்த்து எடுத்தார். அப்போதும் பதினொன்று.

பிறகு பலகையில் கணக்குப் போடப்பட்டது. ஐம்பதில் 20 சதவீதம் என்றால் சராசரி 10. கட்டுப்பாட்டு எல்லைகள் ஏறக்குறைய 2-லிருந்து 18 வரை. அன்று வந்த எல்லா எண்களும் அதற்குள்ளேயே இருந்தன. ஆறும் பதின்மூன்றும் ஒரே பெட்டியின் விளைச்சல். பாராட்டியதற்கும் கண்டித்ததற்கும் ஆதாரமே இல்லை. மாதந்தோறும் ரிஜெக்‌ஷன் பட்டியலில் பெயர்களை வரிசைப்படுத்தி ஒட்டும் நிறுவனங்களிலிருந்து வந்த உறுப்பினர்கள் பலர் அன்று மாலை வரை இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் சிவப்பு மணியை அனுப்பியது யார், அதைக் குறைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு மேலாளர்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

பிற்பகலில் புனல் சோதனை. குறியின் மேல் புனலை வைத்து அதன் வழியாகக் கோலிக்குண்டைப் போட, குண்டு குறியைவிட்டுச் சற்று விலகி நிற்கிறது. புனலைத் தொடாமல் தொடர்ந்தால் புள்ளிகள் குறியைச் சுற்றியே சேர்கின்றன. ஒவ்வொரு முறையும் விலகிய அளவுக்கு எதிர்த்திசையில் புனலை நகர்த்தித் 'திருத்தினால்' சிதறல் கூடுகிறது. கணக்குப்படி சிதறலை அளக்கும் மாறுபாட்டெண் (variance) இரண்டு மடங்காகிவிடும். இதைப் பார்த்ததும் கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் வேலை செய்யும் ஓர் ஆபரேட்டர் எழுந்து, "ஒவ்வொரு பீஸையும் அளந்துட்டு, கருவி நிற்கிற இடத்தோட ஆஃப்செட்டை மாத்தறோமே, நாங்க பண்றது இதேதான் சார்" என்றார். இரண்டு நாளில் சொல்லப்பட்ட கருத்துகளில் மிகவும் பயனுள்ளது அவருடையது என்று நினைக்கிறேன். அவர் நிறுவனம் அவரை அனுப்பியிராவிட்டால் அந்தக் கருத்து நமக்குக் கிடைத்திருக்காது.

கட்டுரைகளில் இரண்டைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஒன்று, ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்குச் செவிலியரும் தர அலுவலரும் வழங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உள்ளன. அதை எட்டு நாடுகளின் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்ததாக 2009-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. தங்கள் அரங்கிலும் பட்டியல் இருந்தது, எல்லாக் கட்டங்களிலும் டிக் இருந்தது, ஆனால் நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே டிக் போடப்பட்டது என்று அந்தச் செவிலியர் திறந்த மனதோடு சொன்னார். அவர்கள் செய்த மாற்றம் எளிமையானது. தாளைச் சுவரில் பெரிய பலகையாக மாற்றினார்கள். ஒருவர் உரக்கப் படிக்க, அறுவை மருத்துவர் உட்பட மற்றவர்கள் வாயால் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் செவிலியர் அறுவை மருத்துவரிடம் கத்தியைக் கொடுக்க மாட்டார். இந்தக் கடைசி விதிக்கு நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலை வாங்கியதுதான் அவர்கள் செய்த மிகப் பெரிய வேலை.

இன்னொன்று சிறிய தொகுப்புப் பிரிவு ஒன்றின் கட்டுரை. பொருளோடு அனுப்பும் திருகாணிப் பொட்டலத்தில் ஒன்று குறைகிறது என்று தொடர்ந்து கஸ்டமர் கம்ப்ளெயின்ட். ஒவ்வொரு புகாருக்கும் பொட்டலம் கட்டும் பெண்களுக்கு மறுபயிற்சி தரப்பட்டது. பதிவேட்டில் கையெழுத்துகள் நிறைந்தன, புகார் நிற்கவில்லை. கடைசியில் எட்டுக் குழிகள் கொண்ட ஒரு தட்டைச் செய்தார்கள். முதலில் குழிகளை நிரப்ப வேண்டும், பிறகு தட்டோடு பைக்குள் கவிழ்க்க வேண்டும். ஒரு குழி காலியாக இருந்தால் எண்ணாமலே கண்ணில் படுகிறது. 1961-ல் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ ஜப்பானில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் சுவிட்சுக்குள் வைக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளை முதலில் ஒரு சிறு தட்டில் எடுத்துவைக்கச் சொன்னாரே, அதே வழி. அந்தத் தட்டை மேடைக்கே கொண்டுவந்து காட்டினார்கள். விளிம்பு தேய்ந்து கறுத்திருந்தது. அன்றாடம் புழங்குவதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

தர மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001 பற்றிய அமர்வில் 2024 பிப்ரவரியில் வந்த காலநிலை மாற்றம் தொடர்பான திருத்தம் சுருக்கமாக விளக்கப்பட்டது. ஆனால் விவாதம் சூடுபிடித்தது திருத்த நடவடிக்கை குறித்துத்தான். உள் தணிக்கையில் ஓர் இணக்கமின்மை, அதாவது தரநிலைக்குப் பொருந்தாத குறை, வந்தால் படிவத்தில் என்ன எழுதுகிறோம்? மூல காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. நடவடிக்கை: மறுபயிற்சி அளிக்கப்பட்டது. இந்த இரண்டு வரிகளை எழுதாத நிறுவனம் அரிது. ஐஎஸ்ஓ 9001:2015-ன் 10.2 பிரிவு காரணத்தைக் கண்டறியச் சொல்கிறது. அதுபோன்ற குறை வேறு எங்கும் இருக்கிறதா என்று தேடச் சொல்கிறது. எடுத்த நடவடிக்கை பலன் தந்ததா என்று திரும்பிப் பார்க்கவும் சொல்கிறது. 7.2 பிரிவும் அப்படித்தான்: பயிற்சி போன்ற நடவடிக்கை எடுத்தால் அதன் பலனை மதிப்பிட வேண்டும். வருகைப் பதிவேடு திறனுக்குச் சான்றாகாது. பயிற்சியை நடத்துவதையே தொழிலாகக் கொண்டிருக்கும் நம் சங்கம்தான் இதை முதலில் உரக்கச் சொல்ல வேண்டும். ஒருவருக்குத் தெரியாததால் நடந்த பிழைக்குப் பயிற்சி மருந்து. தெரிந்தும் செய்ய முடியாதபடி வேலை அமைந்திருந்தால், எத்தனை வகுப்பு நடத்தினாலும் அந்தப் பிழை தொடரும்.

பயிற்சிகள்

மேலே சொன்னதற்கும் நம் பயிற்சித் திட்டத்தில் செய்த மாற்றத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளை வகுத்தார்: பங்கேற்றவர் விரும்பினாரா, கற்றாரா, வேலையிடத்தில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் விளைவு மாறியதா. வகுப்பு முடிவில் நாம் நிரப்பித் தரச் சொல்லும் கருத்துப் படிவம் முதல் படியோடு நின்றுவிடுகிறது. எனவே இந்த ஆண்டு முதல், பயிற்சி முடிந்து மூன்று மாதத்துக்குள் பயிற்றுநர் பங்கேற்றவரின் வேலையிடத்துக்கே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். அங்கே கேள்வித்தாள் கிடையாது. "முன்பு எப்படிச் செய்தீர்கள், இப்போது எப்படிச் செய்கிறீர்கள், செய்து காட்டுங்கள்" என்பது மட்டும்தான்.

இது நம் கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் புதியவர்களை விரைவாகத் தொழிலுக்குத் தயார்செய்ய உருவாக்கிய பயிற்சித் திட்டத்திலேயே நான்கு படிகள் இருந்தன: ஆயத்தப்படுத்து, செய்துகாட்டு, செய்யவிட்டுப் பார், பின்தொடர். தொழிலாளி கற்கவில்லை என்றால் பயிற்சியாளர் கற்பிக்கவில்லை என்ற அந்தத் திட்டத்தின் வாசகத்தை நம் பயிற்றுநர் கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். முதல் மூன்று படிகளை எல்லோரும் செய்கிறார்கள். நான்காவதற்கு நேரமும் பயணமும் வேண்டும் என்பதால் அது விட்டுப்போகிறது.

நேரில் போய்ப் பார்த்ததில் பல உண்மைகள் வெளிவந்தன. மூல காரணப் பகுப்பாய்வு கற்றுப்போனவர்கள், ஒரு குறைக்கான காரணங்களை மீன் முள் வடிவில் கிளைகளாகக் காட்டும் ஃபிஷ்போன் வரைபடத்தை அழகாக வரைந்து கோப்பில் வைத்திருந்தார்கள். அதில் வந்த காரணங்களில் எதைச் சோதித்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. வேலையிடத்தை ஒழுங்காகவும் தூய்மையாகவும் வைக்கும் ஃபைவ் எஸ் முறையில் பயிற்சி பெற்ற பிரிவுகளில் தரையில் கோடு இருந்தது, கோட்டுக்குள் வேறு பொருள் இருந்தது. மாறாக, செக் ஷீட் என்ற மிக எளிய கருவியை மட்டும் எடுத்துக்கொண்ட சில சிறு நிறுவனங்கள் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டின. குறை எந்த இயந்திரத்தில், எந்த ஷிஃப்டில், எந்த நேரத்தில் என்று ஆபரேட்டரே கோடு போட்டுக் குறித்த தாள் அது. ஆகவே அடிப்படைக் கருவிகளுக்கான வகுப்பில் இனி செக் ஷீட்டுக்குப் பாதி நேரம் ஒதுக்குமாறு பயிற்சிக் குழுவைக் கேட்டிருக்கிறேன்.

தணிக்கைக்கான வழிகாட்டித் தரநிலையான ஐஎஸ்ஓ 19011:2018-ஐ ஒட்டிய உள் தணிக்கையாளர் பயிற்சியும், தரவைக் கொண்டு குறைகளைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையில் கிரீன் பெல்ட் நிலைப் பயிற்சியும் வழக்கம்போல் நடந்தன. கிரீன் பெல்ட்டுக்குத் திட்டப்பணி முடித்தால்தான் சான்றிதழ் என்ற விதி தொடர்கிறது.

சான்றிதழைப் பற்றி உறுப்பினர்களிடமிருந்து எதிர்ப்பு வந்ததையும் பதிவுசெய்கிறேன். நேரில் பார்த்த பிறகுதான் சான்றிதழ் என்றதும், ஆடிட் கோப்புக்கு உடனே தாள் வேண்டும் என்று பல நிறுவனங்கள் எழுதின. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. செயற்குழு கூடிப் பேசி, வகுப்பு முடிந்ததும் பங்கேற்புக் கடிதமும், வேலையிடத்தில் பார்த்த பிறகு திறன் சான்றிதழும் என இரண்டாகப் பிரித்தது. சான்றிதழ் தாமதமாவதால் பயிற்சிக்கு வருவோர் குறைந்தாலும் இந்த ஏற்பாட்டைக் கைவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

பிற பணிகள்

நவம்பர் மாதம் இரண்டாம் வியாழக்கிழமை உலகத் தர நாளை ஒட்டி மாணவர்களுக்கான நிகழ்ச்சி நடந்தது. செயற்குழு ஒழுங்காகக் கூடியது. கூட்டக் குறிப்புகள் அலுவலகத்தில் பார்வைக்கு உள்ளன. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி.

மாநாட்டுக்கு ஷிஃப்டை மாற்றி ஆட்களை அனுப்பிய நிறுவனங்களுக்கும், சொந்த வேலையை ஒதுக்கிவிட்டு வேலையிடங்களுக்குப் போய்வந்த பயிற்றுநர்களுக்கும் நன்றி. கட்டுரை வழங்கிய ஆபரேட்டர்களில் பலர் மைக் முன்னால் முதல்முறை நின்றவர்கள். அவர்களுக்குத் தனி நன்றி.

பேரவையின் ஒப்புதலுக்கு மூன்று முன்மொழிவுகளை வைக்கிறேன். அடுத்த மாநாட்டிலும் இருவர் சேர்ந்து கட்டுரை வழங்கும் விதி தொடர வேண்டும்; சிறு நிறுவனத் தொழிலாளர்களுக்குப் பங்கேற்புக் கட்டணத்தைச் சங்கமே ஏற்க வேண்டும். பயிற்றுநர்கள் வேலையிடம் போய்வரும் செலவுக்கென வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு ஒதுக்க வேண்டும். இதுவரை அது மற்றச் செலவுகளில் கலந்து கிடக்கிறது, நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது அதுவாகவே இருக்கும்.

இவ்வறிக்கையையும் முன்மொழிவுகளையும் விவாதித்து ஏற்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்