தோட்டத்துப் பறவைகளும் அந்துப்பூச்சிகளும்: பதிவு தொடங்குகிறோம்

அனைவருக்கும் வணக்கம். வலசைப் பறவைகள் வந்துவிட்டன. ஏப்ரலுக்குள் பெரும்பாலானவை திரும்பிவிடும், ஆகவே இப்போதே பதிவைத் தொடங்குவோம். தலங்கம, அத்திடியப் பக்கம் வளவோ தோட்டமோ உள்ளவர்கள் கட்டாயம் சேருங்கள். கொழும்பு 2018இல் ராம்சார் (ஈரநிலங்களைப் பாதுகாக்கும் பன்னாட்டு உடன்படிக்கை) ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. அந்த ஈரநிலங்களை ஒட்டிய தோட்டங்களில் என்ன வந்து போகிறது என்பதையும் நாம் எழுதி வைக்க வேண்டும்.

காலையில் ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். காகம், மைனா உட்பட கண்டதையெல்லாம் எண்ணிக்கையோடு எழுதுங்கள். அரிதானதை மட்டும் எழுதினால் ஒப்பிட முடியாது. ஆறுமணிக் குருவி பெரும்பாலும் குரலில்தான் பிடிபடும், விடியலிலும் மம்மல் நேரத்திலும் காது கொடுங்கள். பழுப்புக் கீச்சான் வேலிக் கம்பியில் தனியே இருக்கும். தயவுசெய்து போனில் குரல் ஒலிக்கவிட்டு எதையும் அழைக்காதீர்கள்.

அந்துப்பூச்சிக்கு, வெளிச்சம் விழும்படி தொங்கவிட்ட வெள்ளை வேட்டியும் வெள்ளை பல்பும் போதும். மஞ்சள் பல்புக்கு அவ்வளவாக வராது. நிலவில்லாத, மழையில்லாத இரவு நல்லது. படம் மட்டும் எடுங்கள், பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்தால் அளவு தெரியும். முடிந்ததும் விளக்கை அணைத்து, துணியை மெதுவாக உதறிவிடுங்கள். பூச்சிகளைத் துணியிலேயே விட்டுவைத்தால் விடியலில் கொண்டைக்குருவிகள் தின்றுவிடும். அப்புறம், நந்தியாவட்டையில் நீலக் கண்போன்ற புள்ளியுள்ள பச்சைப் புழுவைக் கண்டால், அதுவும் அந்துப்பூச்சியின் புழுதான், மருந்து அடிக்க வேண்டாம், படம் அனுப்புங்கள்.

திகதி, நேரம், இடம் மூன்றும் இல்லாத படத்தைப் பதிவில் சேர்க்க முடியாது.