தமிழ் இணையதளங்களை இடம் மாற்றுவோர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழாசிரியராகப் பணியாற்றி மறைந்த என் தந்தை, புதுக்கோட்டை வட்டாரக் குளங்களையும் அவற்றின் நீரைத் திறந்துவிடும் மதகுகளான குமிழித் தூம்புகளையும் பற்றி 12 ஆண்டுகள் தம் சொந்த இணையதளத்தில் எழுதிவந்தார். அவருக்குப் பின் தளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சென்ற ஆண்டு, எங்கள் தளத்தைத் தன் சர்வரில் வைத்து இணையத்தில் வழங்கிவந்த ஹோஸ்டிங் நிறுவனம் அந்தப் பழைய சர்வரை 30 நாளில் மூடப்போவதாக ஒரேயொரு மின்னஞ்சலில் தெரிவித்தது. அப்போது நான் பட்ட பாடு தமிழில் தளம் நடத்தும் பிறருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் தளம் வேர்டுபிரஸ் என்ற இணையதள மென்பொருளில் இயங்கியது. அத்தகைய தளத்தில் படங்கள் முதலான கோப்புகள் ஒருபுறமும், கட்டுரைகள் தரவுத்தளத்திலும் இருக்கும். கோப்புகளை நகலெடுப்பதில் சிரமம் இல்லை. ஆனால் தரவுத்தளத்தைப் புதிய சர்வரில் ஏற்றித் தளத்தைத் திறந்தபோது, ஒரு கட்டுரைகூடத் தமிழில் இல்லை. தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்துகளே பக்கம் பக்கமாக நின்றன. அப்பாவின் எழுத்தெல்லாம் போயிற்று என்று அன்றிரவு நான் உறங்கவில்லை.

உண்மையில் எதுவும் அழியவில்லை. வேர்டுபிரஸ் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருள் மைஎஸ்கியூஎல். பழைய மைஎஸ்கியூஎல் தரவுத்தளங்கள் பலவற்றில் அட்டவணைகளின் குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை, ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 என்று குறிக்கப்பட்டிருக்கும். தளமோ அவற்றுக்குள் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழை எழுதிவைத்திருக்கும். எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தவறு நடப்பதால் அங்கே தமிழ் ஒழுங்காகவே தெரியும். வெளியே எடுக்கும்போதுதான், மென்பொருள் அந்தக் குறிப்பை நம்பி, ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக உள்ளதை மீண்டும் ஒருமுறை மாற்றி எழுத்துகளைச் சிதைக்கிறது. பழைய சர்வருக்குத் திரும்பிச் சென்று, லத்தீன்-1 என்றே குறிப்பிட்டுத் தரவை எடுத்து, கோப்பினுள் இருந்த குறியாக்கப் பெயரை மட்டும், மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்-8ஐக் குறிக்கும் யூடிஎஃப்8எம்பி4 என்று திருத்தி ஏற்றியதும் கட்டுரைகள் அனைத்தும் தமிழாகத் திரும்பின. புதிய தளத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்து முடிக்கும்வரை பழைய கணக்கை யாரும் மூடிவிட வேண்டாம்.

அடுத்த சிக்கல் முகவரிகளில் வந்தது. நமக்கு ‘கு’ ஓரெழுத்து. கணினிக்கோ ககரம், உகரக்குறி என இரண்டு குறிகள். இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது இடங்களை எடுத்துக்கொள்ளும் என்பதால் ‘கு’வுக்கு மட்டும் 18 இடங்கள் போகின்றன. வேர்டுபிரஸ் முகவரியில் வரும் கட்டுரையின் பெயருக்கு 200 இடங்களே ஒதுக்குகிறது. ஆகவே நீண்ட தமிழ்த் தலைப்புகள் ஏறத்தாழ 22 குறிகளோடு அறுந்துவிடும். பராமரிப்பு எளிதாகட்டும் என்று பின்னர் நான் தளத்தைத் தரவுத்தளம் தேவைப்படாத நிலைப் பக்கங்களாக மாற்றியபோது, புதிய மென்பொருள் தலைப்பு முழுவதையும் கொண்டு முகவரி அமைத்தது. ஆய்வு மாணவர்கள் தம் ஆய்வேடுகளில் குறித்திருந்த பழைய இணைப்புகள் பயனற்றுப் போயின. தரவுத்தளத்திலிருந்தே பழைய முகவரிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் நிரந்தர இடமாற்றத்தைக் குறிக்கும் 301 வழிமாற்றால் புதிய பக்கத்தோடு இணைக்க இரண்டு வாரங்கள் ஆயின.

தளத்தின் முகவரியான டொமைன் பெயர் யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியுள்ளது என்பதையும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். எங்களுடையது அப்பா பதிவு செய்யக் கொடுத்த கணினி மையத்தின் முகவரியில் இருந்தது. நல்லவேளையாக அவர்கள் அதை இன்னும் பயன்படுத்திவந்தார்கள்.

தனிநபர்கள் இலவசமாகப் பக்கங்கள் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது எண்ணற்ற தனிமனிதர்களின் பக்கங்கள் அதனோடு மறைந்தன. வாடகை வாங்கும் ஹோஸ்டிங் நிறுவனங்கள், சர்வரை மூடுமுன் குறைந்தது மூன்று மாத அவகாசம் தர வேண்டும் என்றும், தரவுத்தளத்தின் குறியாக்கம் எது என்பதை அறிவிப்பிலேயே தெரிவிக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுக்கோட்டை