மூத்தோர் வகுப்புப் பெற்றோருக்கு: ஞாயிறு பள்ளித் தலைமையாசிரியர் கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான பெற்றோருக்கு,

ஸ்தோத்திரம். தேவ கிருபையால் நம் ஞாயிறு பள்ளியின் முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிள்ளைகள் ஆர்வத்தோடு வந்தார்கள். வசனப் போட்டியிலும் பாட்டுப் போட்டியிலும் பரிசு வாங்கினார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

சில வாரங்களாக மனதை அழுத்தும் ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும். திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகள், அதாவது தங்கள் விசுவாசத்தைச் சபை முன் தாங்களே அறிக்கையிட்ட பிள்ளைகள், வகுப்புக்கு வருவது நின்றுவிட்டது. வெள்ளை உடையில் பீடத்தின் முன் முழங்காலிட்டு முதல் திருவிருந்து பெற்றார்கள். அடுத்த ஞாயிறே மூத்தோர் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. விசாரித்தால், டியூஷன் என்கிறார்கள். பொதுத்தேர்வின் பாரம் எனக்கும் தெரியும். நானும் பிள்ளை வளர்த்தவன். படிப்பைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் இந்த வயதில்தான் பிள்ளைகள் மெய்யாகக் கேட்கத் தொடங்குகிறார்கள். ஒரு மாணவன் என்னிடம், “பாட்டிக்காக எல்லாரும் ஜெபித்தோமே, ஆண்டவர் ஏன் குணமாக்கவில்லை?” என்றான். வீட்டில் கேட்டாயா என்றேன். “அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அதட்டிவிட்டார்கள்” என்றான். அவன் யார் என்று தேட வேண்டாம்; எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதே. என்னிடமும் முழுப் பதில் இல்லை. இருவரும் சங்கீதம் 13ஐ வாசித்தோம். “கர்த்தாவே, எதுவரைக்கும்” என்று தாவீதே கேட்டிருக்கிறார் என்றதும் அவன் முகம் தெளிந்தது.

சபைகளைப் பார்வையிடப் போன திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர், விசுவாசப் பிரமாணம்கூடத் தெரியாத ஜனங்களைக் கண்டு வேதனைப்பட்டு, 1529இல் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் பாடநூலை எழுதினார். குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டியது என்று அதன் தலைப்புகளிலேயே குறித்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் அதில் வருவது, ‘இதற்கு அர்த்தம் என்ன?’ என்ற கேள்வி. நம் வீடுகளில் கேட்கக் கூடாது என்று அடக்குவது அந்தக் கேள்வியைத்தான்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஞானஸ்நானத்தன்று சபையின் முன் வாக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் எங்களிடம் விட்டுவிட்டால் அந்த வாக்கு நிறைவேறிவிடாது. இப்போது அந்த ஒரு மணி நேரத்தையும் எடுத்துக்கொள்கிறீர்கள். ஞாயிறு காலை வகுப்பை வேறு நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று டியூஷன் ஆசிரியரிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

மனம் நொந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கமும் குறை உண்டு. பதினாறு வயதுப் பிள்ளையை வசனம் ஒப்பிக்க மட்டும் வைத்திருந்தோம். அடுத்த பருவம் முதல் மூத்தோர் வகுப்பில் பாதி நேரம் அவர்களுடைய கேள்விகளுக்கே. வீட்டிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கைப்பேசிகளை ஒதுக்கிவைத்துப் பதினைந்து நிமிடம் குடும்ப ஜெபத்துக்கு உட்காருங்கள். வேதவாசிப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியவில்லை என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அவனோடு சேர்ந்து வாருங்கள்.

இரவுப் பணி முடித்த களைப்போடும் பிள்ளையைச் சைக்கிளில் கொண்டுவந்து விடும் தகப்பன்மாரையும், சுண்டல் அவித்துக் கொண்டுவரும் தாய்மாரையும் நன்றியோடு நினைக்கிறேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூத்தோர் வகுப்புப் பெற்றோர் சற்று நேரம் இருந்து போகும்படி அன்போடு வேண்டுகிறேன்.

கர்த்தரின் பணியில்,
தலைமையாசிரியர், ஞாயிறு பள்ளி