எங்கள் சிறுநீரையும் சோதியுங்கள், அந்தச் சீட்டை எங்கள் கையில் கொடுங்கள்

பாலாற்றுத் தண்ணீரையும் கழனியையும் எங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிற எல்லா அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பின்னணியை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. வாணியம்பாடியில் தொடங்கி ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரைக்கும் தோல் பட்டறைக் கழிவு என்ன செய்தது என்று உங்கள் அலுவலக பீரோக்களில் கட்டுக்கட்டாக இருக்கும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது நம் ஆற்றை வைத்துத்தான். அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு மருத்துவ முகாமைப் பற்றியும், அங்கே யாரும் தேடாத காட்மியம் என்கிற நச்சு உலோகத்தைப் பற்றியும்தான் இந்தக் கடிதம்.

என் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு 61 வயது, ஐந்து பிள்ளைகள் பெற்றவர். ஆற்றில் ஊத்து தோண்டி ஊறவிட்டு மொண்டு குடித்தார், அப்புறம் கிணற்றுத் தண்ணீர், அது கசந்துபோன பிறகு போர் தண்ணீர், இப்போது ஆறேழு வருஷமாகக் கேன் தண்ணீர். சமையலுக்கும் அரிசி கழுவவும் இன்னும் போர் தண்ணீர்தான், கேன் வாங்கிக் கட்டுப்படியாகாது. காலையில் அவர் கட்டிலைவிட்டு எழுந்திருப்பதை ஒரு நாள் நீங்கள் வந்து பார்க்க வேண்டும். முதலில் ஒருக்களித்துப் படுப்பார், பிறகு இரண்டு கையாலும் தன் தொடையையே தூக்கி கட்டிலுக்கு வெளியே வைப்பார், சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டார், மூச்சு மட்டும் வேகமாக வரும். இடுப்பு, விலா, முழங்கால் எல்லாம் வலி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றாலும் அந்தப் படியை ஏற முடியாததால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

முகாமில் மூன்று மணி நேரம் வரிசை. பிரஷர் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், ஒரு டப்பாவில் சிறுநீர் வாங்கி, அதில் ஒரு பட்டையை முக்கி எடுத்து, பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த வண்ணக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, நீலநிறச் சீட்டில் 'நார்மல்' என்று எழுதினார்கள். கால்சியம் மாத்திரை ஒரு அட்டை, வலி மாத்திரை ஒரு அட்டை. வயசானா இப்படித்தாம்மா இருக்கும் என்றார்கள். பெரியம்மா எழுந்திருக்காமல் கேட்டார்: "நாப்பது வருஷம் குடிச்ச தண்ணி உள்ள என்ன பண்ணியிருக்குன்னு இதுல தெரியுமாம்மா?" சீட்டு எழுதிய அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது இதுல தெரியாது பாட்டி" என்றாள். உண்மையைச் சொன்ன அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவள் கையில் அந்தப் பட்டையை மட்டும் கொடுத்து அனுப்பியவர்கள் மேல்தான்.

அந்தப் பட்டை பெரும்பாலும் ஆல்புமின் என்கிற பெரிய புரதத்தைத்தான் காட்டும். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கிற விதம் வேறு. வடிகட்டுகிற இடத்தைத் தாண்டி, வடிந்ததில் உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிற நுண்குழாய்களில்தான் அது முதலில் கை வைக்கிறது. அதனால் முதலில் கசிவது பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மாதிரி சின்னப் புரதங்கள். அதைப் பட்டை கண்டுகொள்ளாது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று ரத்தத்தில் பார்க்கிற கிரியாட்டினின் பரிசோதனையும் வெகுகாலம் சரியாகவே வரும். சின்னப் புரதத்தோடு பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும், எலும்பு மெதுவாகக் கரைந்து மெலிந்துவிடும். அந்த நிலையில் இருக்கிற ஒருவருக்கு 'நார்மல்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அவர் அதை நம்பி வீட்டுக்குப் போய்விடுவார்.

என் பெரியம்மாவுக்கு வந்திருப்பது காட்மியத்தால்தான் என்று நான் சொல்லவில்லை. அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், வயதாக இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும் என்கிறேன். பார்க்காமல் நார்மல் என்று எழுதாதீர்கள் என்கிறேன்.

நம் ஊரில் மாசு என்றாலே குரோமியம் என்றுதான் பேச்சு. அதில் நியாயம் உண்டு. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கிற குரோமேட் ஆலையின் கழிவு மேடு லட்சம் டன்னுக்கு மேல், மழை பெய்தால் மஞ்சளாக வழிகிறது. ஆனால் தொழிற்பேட்டை என்று வந்துவிட்டால் ஒரு உலோகத்தோடு நிற்பதில்லை. முலாம் பூசுகிற வேலை, பேட்டரி, நிறமி என்று காட்மியம் வெளியேற எத்தனையோ வழி இருக்கிறது, கழனிக்குப் போடுகிற பாஸ்பேட் உரத்திலும் கொஞ்சம் இருக்கும், பீடிப் புகையிலும் இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை அனுமதி, காட்மியத்துக்கு 0.003 தான். ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு. ஏன் அவ்வளவு கண்டிப்பு? உடம்புக்குள் வந்த காட்மியம் போக மாட்டேன் என்கிறது. சிறுநீரகத்தில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருஷம் ஆகும். இறக்கி வெளியே தள்ள நம்பகமான மருந்தும் கிடையாது. அதாவது, 1990-களில் எங்கள் ஊர்ப் பெண்கள் குடித்ததும் சாப்பிட்டதும் இன்றைக்கும் அவர்கள் உடம்பில்தான் இருக்கும். கிணற்றை மூடினால் உடம்பிலிருப்பது மூடிக்கொள்ளாது.

ஜப்பானில் தொயாமா என்று ஒரு மாவட்டம். அங்கே பாய்கிற ஜின்சு ஆற்றின் மேல்பக்கம், பக்கத்து மாவட்டத்தில், கமியோகா என்கிற துத்தநாகச் சுரங்கம். துத்தநாகத் தாதுவோடு காட்மியமும் சேர்ந்தே வரும், அது ஆற்றில் இறங்கி, ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த வயலில் இறங்கி, அரிசியில் ஏறியது. நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டிய, நிறையப் பிள்ளை பெற்ற விவசாயக் குடும்பத்துப் பெண்கள். இருமினாலே விலா எலும்பு முறிகிற அளவுக்குப் போனது. அந்த நோய்க்கு வைத்த பெயரே 'இத்தாய் இத்தாய்', நம் பேச்சில் சொன்னால் 'வலிக்குது வலிக்குது'. ரொம்ப நாள் அதை என்னவென்று ஒப்புக்கொள்ளாமல் இழுத்தடித்தார்கள். 1968-ல்தான் அந்த நாட்டு அரசு இது மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது, 1971-ல் அந்த மக்கள் வழக்கில் ஜெயித்தார்கள், அடுத்த வருஷம் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். ஜெயித்ததோடு வீட்டுக்குப் போகவில்லை. தாங்கள் நம்புகிற நிபுணர்களை அழைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போய்ச் சோதிக்கும் உரிமையை, கம்பெனி செலவிலேயே, எழுதி வாங்கினார்கள். கெட்ட வயல்களின் மண்ணை மாற்றும் வேலை 1979-ல் தொடங்கி 2012 வரை நடந்தது. அத்தனை வருஷம் ஆனாலும் முடித்தார்கள்.

அங்கே நடந்தது அப்படியே இங்கேயும் நடந்திருக்கிறது என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. அங்கே யாரைத் தாக்கியது என்பதைப் பாருங்கள். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தவர்களின் குடல் காட்மியத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். நம் மாநிலத்தில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வே சொல்கிறது. நெல்லிலும் ஒன்று உண்டு. கழனியில் தண்ணீர் நிற்கும்வரை காட்மியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், கதிர் முற்றுகிற நேரத்தில் கழனி காய்ந்தால் விடுபட்டுப் பயிரில் ஏறும். ஏரி வற்றி, கடைசித் தண்ணீருக்கு ஆலாய்ப் பறக்கிற நம் பக்கத்துக் கழனிகளில் கதிர் முற்றும் நேரத்தில் என்ன கதி என்று உங்களுக்குத் தெரியாததா? அதனால்தான் தண்ணீரை மட்டும் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனால் போதாது என்கிறோம். அரிசியைப் பாருங்கள். எங்களைப் பாருங்கள்.

தோல் கம்பெனிகளை மூடு என்று கேட்கிற ஆளும் நான் இல்லை. பதினாறு வருஷமாக ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், என் பிள்ளைகள் படிப்பது அந்தச் சம்பளத்தில்தான். எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான். அதனாலேயே வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்பதும் உண்மை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்களே, அன்றைக்கு எல்லோரும் வந்தீர்கள். ஒரே ராத்திரியில் பத்துப் பேர் செத்தால் வருகிறவர்கள், இருபது வருஷத்தில் ஒவ்வொருவராகக் கட்டிலில் விழுந்தால் வருவதில்லை. அப்புறம், வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு மனு கொடுக்கப் போனால் இது எங்கள் எல்லை இல்லை என்கிறார்கள், அந்தப் பக்கம் போனால் ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து வருவதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். வடாற்காடு என்று ஒன்றாக இருந்தபோதும் ஆறு இதேதான் ஐயா. வேலூரில் வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், அவ்வளவு பெரிய மருத்துவமும் ஆய்வுக்கூடமும் இருக்கிற இடம் இது. இருபது மைல் தள்ளி இருக்கிற எங்களுக்கு ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எட்டவில்லை என்பதை எங்களால் தாங்க முடியவில்லை.

கோபத்தில் ஏதாவது அதிகமாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஆற்றங்கரைக் கிராமங்களில், கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த, நாற்பது வயதைத் தாண்டியவர்களின் சிறுநீரை எடுத்து, அதில் காட்மியம் எவ்வளவு, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் எவ்வளவு என்று பாருங்கள். பெண்களை முதலில் பாருங்கள். குரோமியத்தையும் ஈயத்தையும் சேர்த்தே பாருங்கள். வீட்டு அரிசியில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போங்கள், நாங்களே பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோம். செலவை யாரிடம் வாங்குவது என்று நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. முடிவை உங்கள் கோப்பில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், சம்பந்தப்பட்ட ஆளின் கையில், தமிழில், எண்ணோடு எழுதிக் கொடுங்கள். நன்றாக இருக்கிறது என்று வந்தால் எங்களைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருக்க மாட்டார்கள். கெட்டிருந்தால், இன்னும் கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் டாக்டருக்காவது தெரியும், வலி மாத்திரையை அள்ளிப் போட்டு மிச்சமிருக்கிற சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்ள மாட்டோம்.

பெரியம்மா அந்த நீலச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறார். அடுத்த முகாமுக்கு அதை எடுத்துக்கொண்டு வருவோம். அன்றைக்கு அவர் அதே கேள்வியை மறுபடியும் கேட்பார். பதில் சொல்லக்கூடிய பரிசோதனையோடு வாருங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
பாலாற்றங்கரைக் கிராமத்தான் ஒருவன்